புரிகிறது, ஆனால் சிரிப்பு வரவில்லை

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். எட்டு மாதங்களுக்கு முன் உங்கள் அப்பாவுக்கு மூளையின் வலது பக்கத்தில் பக்கவாதம் வந்தது. கை, கால் பெருமளவு தேறிவிட்டன. நாளிதழ் படிக்கிறார், வீட்டுக் கணக்கைத் தானே பார்க்கிறார். ஆனால் பள்ளியில் தமிழ் ஆசிரியராக இருந்தபோது வகுப்பையே சிரிக்க வைத்த மனிதர், இப்போது நீங்கள் வாரப் பத்திரிகையிலிருந்து டாக்டர், நோயாளி ஜோக்குகளை வாசித்துக் காட்டினால், "புரிகிறதம்மா, இதில் சிரிக்க என்ன இருக்கிறது?" என்கிறார். அதே சமயம் இரண்டு வயதுப் பேத்தி அவருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு தடுமாறி நடந்தால் வாய்விட்டுச் சிரிக்கிறார். ஜோக் புரிவதும் ரசிப்பதும் வேறு வேறா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பழைய அப்பா திரும்பி வருவாரா என்பதுதான் அது. முதல் கேள்விக்கு ஓரளவு உறுதியாகவே பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு அதே உறுதியோடு சொல்ல முடியாது.

நான் பேச்சு, மொழிச் சிகிச்சை அளிப்பவன். 19 ஆண்டுகளாகப் பெரும்பாலும் பக்கவாதம் வந்தவர்களோடுதான் வேலை. உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை, அவருடைய ஸ்கேனையும் பார்த்ததில்லை. ஆகவே இதை மருத்துவ முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கே, எதைக் கவனித்துப் பார்ப்பது என்பதற்கு உதவினால் போதும்.

முதலில், ஜோக் கேட்கும்போது நமக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தமிழறிஞர் கி.வா.ஜகந்நாதன் சொன்னதாக நெடுங்காலமாக வழங்கிவரும் சிலேடை ஒன்று உங்கள் அப்பாவுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். வழியில் கார் நின்றுவிடுகிறது. உடன் வந்தவர்கள் இறங்கித் தள்ளுகிறார்கள். வயதில் மூத்தவரான அவரும் கை கொடுக்க வர, "உங்களுக்கு எதற்குச் சிரமம்?" என்று தடுக்கிறார்கள். "ஏன், நான் என்ன தள்ளாதவனா?" என்கிறார் அவர். கார் தள்ளும் இடத்தில் 'தள்ளாதவன்' என்ற சொல் காதில் விழுந்ததும், தள்ள மறுப்பவன் என்ற பொருள்தான் முதலில் எழும். அப்படிக் கேட்டால் அந்தக் கேள்வி சற்றே இடறுகிறது. அந்த இடறலில் மனம் ஒரு கணம் பின்னே திரும்புகிறது. 'தள்ளாத வயது' நினைவுக்கு வருகிறது. இப்போது கார், வயது, தடுத்தவர்களின் அக்கறை எல்லாம் ஒரே சொல்லில் வந்து பொருந்துகின்றன. இடறல் ஒரு படி, பொருத்தம் அடுத்த படி. இந்த இரண்டு படி விளக்கத்தை 1972இல் ஜெரி சல்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் தெளிவாக வகுத்துக் கொடுத்தார். பிறகு வந்த ஆய்வுகள் அதில் பல திருத்தங்களைச் சொன்னாலும் அடிப்படை இன்னும் நிற்கிறது. இடறல் மட்டும் இருந்து பொருத்தம் கிடைக்காவிட்டால் அது வெறும் உளறல். இடறாமலே பொருந்திவிட்டால் அது சாதாரண வாக்கியம்.

அந்தப் பொருத்தத்தைக் கேட்பவரே கண்டுபிடிக்க வேண்டும். விளக்கிச் சொன்ன ஜோக் செத்துப்போவதற்குக் காரணம் இதுதான். பொருள் வந்து சேர்ந்துவிடும், ஆனால் அதைத் தானாகக் கண்டெடுத்த அந்தக் கணம் வராது. அமெரிக்காவில் எட்வர்ட் ஜிக்லரும் அவருடைய கூட்டாளிகளும் 1967இல் வெவ்வேறு வகுப்புப் பள்ளிப் பிள்ளைகளிடம் கேலிச்சித்திரங்களைக் காட்டிப் பார்த்தார்கள். மிக எளிதானவையும் பிடிக்கவில்லை, எட்டாதவையும் பிடிக்கவில்லை. கொஞ்சம் எட்டிப் பறிக்க வேண்டியிருந்தவற்றுக்குத்தான் அதிகம் சிரித்தார்கள். ஆசிரியராக இருந்த உங்கள் அப்பாவுக்கு இது கைவந்த கலையாக இருந்திருக்கும். வகுப்பின் எட்டத்தை அறிந்துதானே அவர் ஜோக் சொல்லியிருப்பார்.

அடுத்தது மூளை. மொழி இடது பக்கத்தில் இருக்கிறது, ஆகவே வலது பக்கம் அடிபட்டவருக்குப் பேச்சில் குறையில்லை என்று குடும்பத்தாரிடம் பல சமயம் சொல்லிவிடுகிறார்கள். இலக்கணத்துக்கும் சொற்களுக்கும் அது பெரும்பாலும் சரி. ஆனால் சொன்ன வார்த்தைகளைச் சூழ்நிலையோடும், பேசியவரின் நோக்கத்தோடும், முன்னால் வந்ததோடும் கோத்துப் பார்ப்பதில் வலது பக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1983இல் ஹிராம் பிரவுனெல், ஹோவர்ட் கார்ட்னர் முதலியோர் வலது பக்கம் பாதிக்கப்பட்டவர்களிடம் ஜோக்கின் முன்பகுதியைக் கொடுத்து, சில முடிவுகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அதே வழியில் நானும் சில அட்டைகளைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். ஓர் அட்டையைச் சொல்கிறேன். நோயாளி சொல்கிறார்: "டாக்டர், எனக்கு எல்லாமே உடனுக்குடன் மறந்துபோகிறது." டாக்டர் கேட்கிறார்: "எத்தனை நாளாக இப்படி?" இதற்கு மூன்று முடிவுகள். ஒன்று: "ஆறு மாதமாக, டாக்டர்." இரண்டு: நோயாளி எழுந்து நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மூன்று: "எப்படி, டாக்டர்?"

வலது பக்கம் அடிபட்ட பலர் நாற்காலியை எடுக்கிறார்கள். பிரவுனெல் குழுவினர் கண்டதும் இதுதான். ஜோக் என்றால் கடைசியில் எதிர்பாராதது ஒன்று வர வேண்டும் என்பது அவர்களுக்கு மறக்கவில்லை. எதிர்பாராத அந்த ஒன்று முன்கதையோடு பொருந்த வேண்டும் என்பதுதான் நழுவிவிடுகிறது. இடது பக்கம் பாதிக்கப்பட்டவர்கள் தவறும்போது பெரும்பாலும் வேறு மாதிரித் தவறுகிறார்கள், "ஆறு மாதமாக" என்ற சாதாரண முடிவின் பக்கம் சாய்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஜவுளி வியாபாரி ஒருவர் என்னிடம் வந்தார். மூளையின் வலது பக்கத்தில் பக்கவாதம். பேச்சு சரளம். நாற்காலி அட்டையைச் சட்டென்று எடுத்து என் முன் வைத்து, "இதுதான் வேடிக்கை, யாரும் எதிர்பார்க்கவே மாட்டார்கள்" என்றார். 'எப்படி, டாக்டர்?' என்ற அட்டையைக் காட்டி இது ஏன் இல்லை என்று கேட்டேன். "டாக்டர் கேட்டது அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது" என்றார். அந்த நோயாளிக்குத் தான் சொன்னதே அதற்குள் மறந்துவிட்டது என்பதை ஊகிக்க, அவருடைய மனத்துக்குள் ஒரு கணம் நுழைந்து பார்க்க வேண்டும். அந்த நுழைவுதான் வியாபாரிக்கு அடைபட்டிருந்தது. ஆனால் அவரும் "புரிகிறது" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் உங்கள் அப்பா "புரிகிறது" என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள நான் தயங்குகிறேன். அவர் பொய் சொல்லவில்லை. வார்த்தைகள் எல்லாம் புரிந்துவிட்டால், விட்டுப்போனது ஒன்று இருக்கிறது என்பது உள்ளே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது.

இரண்டாவது வகையினரும் இருக்கிறார்கள். சரியான அட்டையை எடுப்பார்கள். ஏன் சரி என்று பாடம் நடத்துவதுபோல விளக்குவார்கள். முகத்தில் மட்டும் ஒரு சலனமும் இருக்காது. உங்கள் கேள்விக்கான நேரடிப் பதில் இங்கேதான் கிடைக்கிறது: ஆம், புரிவதும் ரசிப்பதும் வேறு வேறு. 2001இல் விநோத் கோயல், ரேமண்ட் டோலன் இருவரும் ஜோக் கேட்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, பொருளைத் தொடர்ந்து செல்லும் பகுதிகள் ஒருபுறமும், எவ்வளவு வேடிக்கையாக இருந்தது என்பதற்கு ஏற்ப இயங்கும் நெற்றிப்பகுதியின் அடிப்பாகம் வேறொருபுறமும் தெரிந்தன. சிலேடைக்கும் பொருள் சார்ந்த ஜோக்குக்கும்கூட வழிகள் வேறாக இருந்தன. சிலேடையில் இடது பக்கத்தின் பேச்சுப் பகுதிகள் இயங்கின. 2003இல் வந்த இன்னோர் ஆய்வில், சிரிப்பூட்டும் சித்திரங்களைப் பார்க்கும்போது, உணவுக்கும் பணத்துக்கும் கிளர்ச்சியுறும் அதே பரிசுணர்வுப் பகுதிகள் விழித்துக்கொள்வது தெரிந்தது. ஆக, கண்டுபிடிப்பது ஒரு வேலை, கண்டுபிடித்ததில் இனிப்பை உணர்வது இன்னொரு வேலை. முன்னது நடந்து பின்னது நடக்காமல் போகலாம்.

மூன்றாவது ஒன்றைக் குடும்பத்தார் அடிக்கடி தவற விடுகிறார்கள்: உள்ளே ரசித்தும் வெளியே தெரியாமல் போவது. வலது பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்குக் குரலின் ஏற்ற இறக்கமும் முகபாவமும் மங்கிவிடும். சந்தோஷமான செய்தியையும் தட்டையான குரலில் சொல்வார்கள். ஆனால் உங்கள் அப்பா பேத்தியைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறார் என்பதால் இது முழுக் காரணமாக இருக்க முடியாது. மனச்சோர்வை மட்டும் விட்டுவிடாதீர்கள். பக்கவாதத்துக்குப் பின் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது, அதற்குச் சிகிச்சை உண்டு. தூக்கம், பசி, முன்பு பிடித்த வேறு விஷயங்களில் நாட்டம் ஆகியவை குறைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். காது கேட்பதையும் சோதியுங்கள். ஜோக்கின் கடைசி வரியில் ஓர் எழுத்து தவறினாலும் ஜோக் போய்விடும், மற்றப் பேச்சில் அந்த இழப்பு தெரியாது.

பேத்தியின் செருப்பு விஷயத்தை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான வரி அதுதான். டொரோண்டோவில் ஷம்மியும் ஸ்டஸும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், மூளையில் ஒரே இடத்தில் பாதிப்பு உள்ள 21 பேரைச் சோதித்தார்கள். வலது நெற்றிப்பகுதி பாதிக்கப்பட்டவர்களுக்குத்தான் வார்த்தை ஜோக்குகளும் கேலிச்சித்திரங்களும் அதிகம் எட்டாமல் போயின, அவர்கள் சிரித்ததும் குறைவு. தடுக்கி விழுவது போன்ற எளிய வேடிக்கையின் பக்கம் அவர்கள் சாய்ந்தார்கள். அங்கே இரண்டு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டியதில்லை, கண்ணெதிரே எல்லாம் நடந்துவிடுகிறது. தமிழ் ஆசிரியருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனாலும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். ஒன்றுக்குள் எல்லாவற்றையும் அடக்காமல் நான்காகப் பிரித்ததை நான் மிகவும் மதிக்கிறேன். எள்ளலுக்கு மற்றவரை அளக்க வேண்டும். இளமையால் பிறக்கும் நகைக்கு, சின்னப் பாதம் பெரிய செருப்புக்குள் வழுக்குவதைப் பார்த்தால் போதும். உங்கள் அப்பாவின் சிரிப்பு முழுவதும் அணைந்துவிடவில்லை. நான்கு வாசலில் ஒன்றாவது நன்றாகவே திறந்திருக்கிறது. சிரிப்பின் இனிப்பை உணரும் இடம் வேலை செய்கிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி. ஆகவே அவருடைய சிக்கல் ரசிப்பதைவிடக் கோத்துப் பார்ப்பதில்தான் இருக்கலாம் என்பது என் ஊகம். ஊகம் மட்டுமே.

உங்களுக்கு வருத்தம் தரக்கூடிய ஒன்றையும் சொல்ல வேண்டும். ஸ்வீடனில் யோரான் நெர்ஹார்ட் என்பவர் 1970களில் ஆட்களிடம் ஒரே மாதிரித் தோன்றும் எடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். முதலில் வந்தவை எல்லாம் ஏறத்தாழ ஒரே எடை. திடீரென்று ஒன்று எதிர்பாராத அளவு வேறாக இருந்தால் பலர் சிரித்துவிட்டார்கள். வார்த்தையும் இல்லை, கதையும் இல்லை, எதிர்பார்ப்பு தடம் புரண்டது மட்டும்தான். இதே சோதனையை ரயில் நிலையத்தில் பயணிகளிடம் பெட்டிகளைத் தூக்கச் சொல்லிச் செய்தபோது சிரிப்பு வரவில்லை. ரயிலைப் பிடிக்க ஓடும் மனிதருக்கு எதிர்பாராத எடை வேடிக்கை ஆகாது. இது விளையாட்டு, இங்கே எனக்கு ஒன்றும் ஆகிவிடாது என்ற மனநிலை முதலில் வேண்டும். நீங்கள் தினமும் காலை ஒரு ஜோக்கை வாசித்துவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பார்வையில் இருக்கும் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் எட்டு மாதமாக எல்லோரும் அவரைக் கையைத் தூக்கு, விரலை மடக்கு, இன்று என்ன கிழமை என்று சோதித்துக்கொண்டே இருக்கிறார்கள். அந்த வரிசையில் ஜோக்கும் ஒரு பரீட்சை ஆகிவிட்டது. நாற்பது பிள்ளைகளைப் பரீட்சை எழுத வைத்தவருக்கு, தான் இப்போது எழுதுவது பரீட்சை என்று தெரியாமல் போகாது.

ராபர்ட் ப்ரொவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் கடைத்தெருவிலும் பொது இடங்களிலும் 1,200 சிரிப்புகளைக் குறித்து வைத்தார். ஜோக் என்று சொல்லத்தக்க ஒன்றைத் தொடர்ந்து வந்த சிரிப்பு 10 முதல் 20 சதவீதம்தான். மற்றதெல்லாம் "அப்படியா, சரி, பார்ப்போம்" போன்ற சாதாரணப் பேச்சின் நடுவே வந்தது. தனிமையில் இருப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது மனிதர்கள் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்றும், கேட்பவரைவிடப் பேசுபவரே அதிகம் சிரிக்கிறார் என்றும் அவர் கண்டார். லண்டனில் சோஃபி ஸ்காட் குழுவினர் 2019இல் செய்த சோதனையில், சுமாரான ஜோக்குகளோடு பிறர் சிரிக்கும் ஒலியைச் சேர்த்தபோது அவை அதிக வேடிக்கையாகத் தோன்றின. தன்னியல்பான சிரிப்பாக இருந்தால் இன்னும் கூடுதலாக. ஆட்டிசம் உள்ளவர்களிடமும் அப்படியே. ஜோக்கின் பாதி காகிதத்தில் இருக்கிறது, மீதி பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தொண்டையில்.

இதுவரை சொன்னவற்றில் மூன்றை நான் உறுதியாகச் சொல்வேன்: வலது பக்கப் பாதிப்பு ஜோக்கைக் குலைக்கக்கூடும், புரிவதும் ரசிப்பதும் பிரியக்கூடும், கூட்டம் சிரிப்பைப் பெருக்கும். மற்றவை இன்னும் விவாதத்தில் இருப்பவை. பொருத்தம் கிடைத்ததும் அது ஏன் இனிக்கிறது என்பதற்கு ஒன்றுக்கொன்று முரண்படும் கொள்கைகள் பல உண்டு. பேனாவைப் பல்லில் கடித்து முகத்தைச் சிரிப்புபோல வைத்துக்கொண்டாலே சித்திரங்கள் வேடிக்கையாகத் தோன்றும் என்று 1988இல் வந்த ஆய்வு பாடநூல்களில் எல்லாம் ஏறியது. 2016இல் 17 ஆய்வுக்கூடங்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. ஆகவே யாராவது அப்பாவைக் கட்டாயமாகச் சிரித்துப் பழகச் சொன்னால் அதில் அதிக நம்பிக்கை வைக்காதீர்கள்.

டாக்டர் ஜோக்குகளைத்தான் அவரிடம் வாசிக்கிறீர்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள். ஒரு மீறல் நடக்க வேண்டும், அது தீங்கற்றதாகவும் தோன்ற வேண்டும், அப்போதுதான் சிரிப்பு என்று பீட்டர் மெக்ரா, கேலப் வாரன் இருவரும் 2010இல் எழுதினார்கள். 2012இல் அமெரிக்காவைத் தாக்கிய சாண்டி புயலைப் பற்றிய வேடிக்கைகளை மக்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று மெக்ரா குழுவினர் நாள்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். அழிவின் அளவு தெரிந்த பிறகு, புயல் கடந்து சுமார் இரண்டு வாரத்தில் அவை மிகக் கசந்தன. ஐந்து வாரம் ஆனபோது மிக அதிகமாகச் சிரித்தார்கள். பிறகு அதுவும் குறைந்துபோனது. துயரம் ஓரளவு தள்ளிப்போனால்தான் சிரிப்பு வரும், ஆனால் அந்தத் தூரம் ஒவ்வொருவருக்கும் வேறு. மறதி, ஊசி, ஆபரேஷன் பற்றிய ஜோக் உங்களுக்கு ஜோக், கட்டிலில் கிடந்து எழுந்தவருக்கு இன்னும் அனுபவம். மேலே சொன்ன டாக்டர் அட்டையை நானும் இப்போதெல்லாம் முதல் சந்திப்பில் எடுப்பதில்லை.

திரும்பி வருமா என்று கேட்டால், வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், வராதவர்களையும் பார்த்திருக்கிறேன். முதல் ஆண்டு முழுவதும், அதன் பிறகும்கூட முன்னேற்றம் தெரிந்தவர்கள் உண்டு. காலை வாசிப்பைச் சில வாரங்களுக்கு நிறுத்திவிடுங்கள். ஜோக் கேட்பவராக அவரை உட்கார வைக்காமல், சொல்பவராக ஆக்குங்கள். வகுப்பில் அவர் வழக்கமாகச் சொன்ன ஒன்றை, "அப்பா, அந்தப் பள்ளி ஆய்வாளர் வந்த கதை என்ன?" என்பதுபோல எடுத்துக் கொடுத்து, பேத்தியையும் வைத்துக்கொண்டு கேளுங்கள். பழகிய ஜோக்கில் பொருத்தம் ஏற்கெனவே அவர் கையில் இருக்கிறது, தேட வேண்டியதில்லை. சிலேடையையும் முயன்று பாருங்கள். அவருடைய இடது பக்கம் நலமாக இருப்பதால் சொல் விளையாட்டு, சூழ்நிலை ஜோக்கைவிட எளிதாக எட்டலாம். என்னிடம் வந்த சிலரிடம் அப்படிக் கண்டிருக்கிறேன், ஆனால் அதை விதியாகச் சொல்லும் அளவுக்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரிடமும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த மாற்றம் பக்கவாதத்துக்குப் பிறகு தொடங்கியதா, அல்லது அதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்பே மெல்லத் தொடங்கியிருந்ததா? முன்பே தொடங்கியிருந்தால், அல்லது பிறர் துன்பத்தில் பொருந்தாத சிரிப்பு, பழக்கமில்லாத முரட்டுத்தனம் போன்றவை சேர்ந்து வந்தால், அது வேறு விஷயம். சில வகை மறதி நோய்களில் நினைவு கெடுவதற்கு முன்பே நகைச்சுவை மாறிவிடுகிறது. அப்படி எதுவும் இல்லையென்றால் பதற வேண்டாம். எப்படியும் அடுத்த முறை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, எதற்குச் சிரித்தார், எதற்குச் சிரிக்கவில்லை, அப்போது அறையில் யார் இருந்தார்கள் என்று இரண்டு வாரத்துக்கு எழுதிய தாளைக் கொண்டு போங்கள். பேத்தியின் செருப்பை அதில் முதல் வரியாக எழுதுங்கள்.